மோட்டாருக்கு மூச்சுத் திணறல்

காஜாங்கில் இளைஞர்கள் யாரும் மோட்டார் வாங்குவதில்லை. மோட்டார் செய்வதற்கான மூலப்பொருளைத்தான் வாங்குகிறார்கள். கடையிலிருந்து வெளியே வரும் புது வண்டி நேராக வீட்டுக்குப் போகாது. சுங்கை சுவாவிலோ ஜாலான் ரேக்கோவிலோ ஒரு பட்டறை வாசலில் நின்று, ஜப்பானியப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து செய்த தவறுகளைத் திருத்திக்கொண்டுதான் போகும். திருத்துகிறவருக்குப் பெரும்பாலும் பத்தொன்பது வயது இருக்கும்.

என் அக்கா மகனுக்கு இருபது. ஆகவே அவன் சீனியர். அவனுடைய ஒய்15-இல் தொழிற்சாலை கொடுத்ததாக மிஞ்சியிருப்பது நம்பர் பிளேட் மட்டும்தான். யோசித்துப் பார்த்தால் அதுவும் தொழிற்சாலை கொடுத்ததில்லை. தன் வண்டியில் திருத்த ஒன்றும் பாக்கி இல்லை என்ற நிலை வந்ததும் அவன் பார்வை என் வண்டியின் மேல் விழுந்தது.

என்னுடையது ஹொண்டா ஈஎக்ஸ்5. 97 சிசி. பினாங்கு முதலாளி லோ பூன் சியூ 1950களின் கடைசியில் ஹொண்டா கப்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தாரே, அந்தப் பரம்பரையில் பிறந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து தபால்காரர், பேப்பர் போடுகிறவர், பால்மரம் சீவுகிறவர், மீன் விற்கிறவர், உஸ்தாஸ், கோயில் ஐயர் என்று மதம் இனம் பாராமல் எல்லாரையும் சுமந்த வண்டி. குதிரைத்திறன் பத்துக்கும் கீழே. பசாருக்குப் போக, கேடிஎம் நிலையத்தில் விட்டுவிட்டுப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ரயிலேற, இரண்டு தேங்காய் மூட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வீடு வர, இதற்கு மேல் குதிரை எதற்கு என்றுதான் நான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் என் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காதை எஞ்சினுக்கு அருகில் வைத்துக் கேட்டான். பிறகு எழுந்து, உறவினர்களிடம் கெட்ட செய்தி சொல்லப்போகும் டாக்டரின் முகத்தோடு என்னைப் பார்த்தான்.

"மாமா, உங்க மோட்டாருக்கு மூச்சு வாங்குது."

"எனக்கும்தான் வாங்குது. வயசாயிருச்சு."

"விளையாடாதீங்க மாமா. ஏர் பத்தலை. ஸ்டாக் பில்டர் மூக்கைப் பொத்திப் பிடிச்சிருக்கு. பாக்ஸைக் கழட்டிட்டு ஓப்பன் பாட் போட்டா ஃப்ரீயா இழுக்கும். பிக்கப்பு வேற மாதிரி இருக்கும் லா."

என் பாட்டியின் வைத்தியத்தில் எல்லா நோய்க்கும் வாயுதான் காரணம். பேத்தியின் பிள்ளைகள் காலத்திலும் வாயுதான். பாட்டிக்கு அது அதிகம், இவனுக்கு அது பற்றாக்குறை. வாயுவை விட்டு எங்கள் குடும்பம் வெளியே வராது போலிருக்கிறது.

அவன் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் என்பது அடிப்படையில் காற்று இழுக்கிற பம்பு. ஒரு கிராம் பெட்ரோலை ஒழுங்காக எரிக்க ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால் இன்னும் பயமாக இருக்கும்: ஒரு லிட்டர் எண்ணெய் தீர்வதற்குள் எஞ்சின் ஒன்பதாயிரம் லிட்டர் காற்றைக் குடித்திருக்கும். அதுவும் காஜாங் காற்று. அதில் சாத்தே கடைப் புகை உண்டு. செமினி பக்கம் மலையை வெட்டிக் குடியிருப்பு கட்டுகிற லோரிகளின் செம்மண் தூசு உண்டு. சில்க் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் பேருந்து விட்டுச்செல்கிற கறுப்பும் உண்டு. அத்தனையையும் தடுத்து நிறுத்தச் சிறிய காகித மடிப்பு ஒன்று, கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள், லெக் ஷீல்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. மூக்கைப் பொத்துகிறது என்ற பழிதான் மிச்சம்.

2015-இல் இந்தோனேசியக் காடுகள் எரிந்து புகைமூட்டம் வந்தபோது சிலாங்கூரில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நாமெல்லாம் முகக்கவசம் வாங்கக் கடை கடையாக அலைந்தோம். அந்த மாதத்திலும் எங்கள் தாமானில் ஒரு பையன் பட்டறையில் நின்று, தன் மோட்டாரின் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். தான் மட்டும் முகக்கவசம் போட்டிருந்தான்.

சுங்கை சுவா பட்டறைத் தவுக்கே அறுபதைத் தாண்டியவர். உலகத்தில் உள்ள எல்லாச் சாமானும் அவரிடம் உண்டு. எதன் மேலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சுவரில் ஓப்பன் பாட் எனப்படும் கூம்பு வடிவப் பில்டர்கள் சிவப்பு, நீலம், தங்க நிறத்தில் வரிசையாகத் தொங்கின. இருபது வெள்ளிக்கும் உண்டு, இருநூறுக்கு மேலும் உண்டு. எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் செய்யும் பில்டரை உலகமெங்கும் பரப்பியவர்கள் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் மோட்டார்சைக்கிள் கடை வைத்திருந்த கென் ஜான்சனும் நார்ம் மெக்டொனால்டும். 1969-இல் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து கே அண்டு என் என்று தொடங்கினார்கள். பாலைவனப் புழுதியில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குக் கழுவிக் கழுவித் திரும்பப் போடத்தக்க பில்டர் தேவைப்பட்டது, நியாயமான தேவை. ஜாலான் ரேக்கோவில் பாலைவனம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அக்கா மகன் பதில் சொல்லவில்லை.

தவுக்கே சொன்னார். "அங்கின் மாசோக் பாஞாக், மிஞாக் மாசோக் சிக்கிட், எஞ்சின் பானாஸ்."

மலாயில் இதைவிடச் சுருக்கமாக ஒரு பொறியியல் பாடம் நடத்த முடியாது. காற்று நிறைய, எண்ணெய் கொஞ்சம், எஞ்சின் சூடு. சாத்தே சுடுகிறவர் விசிறியை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். விசிற விசிறக் கரி பளபளவென்று எரியும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெறிபிடித்து விசிறினால் இறைச்சி வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். கார்புரேட்டர் வண்டியில் பெட்டியைக் கழற்றிவிட்டுக் காற்றை மட்டும் கூட்டினால் கலவை இளைத்துப் போகிறது. பிளக் வெளுக்கிறது. திராட்டலை விடும்போது எக்ஸோஸ் படபடவென்று வெடிக்கிறது. ஆகவே கார்புரேட்டரில் இருக்கும் மெயின் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் திருகையும் மாற்ற வேண்டும். எண் பெரிதானால் துளை பெரிது, துளை பெரிதானால் எண்ணெய் அதிகம். காற்றைச் சும்மா விடுவதாகச் சொல்லி ஆரம்பித்த வேலை, எண்ணெயை அதிகம் குடிக்க வைக்கும் இடத்துக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

"உங்க வண்டிக்கும் இதையே போட்டிருக்கீங்களா?" என்று தவுக்கேயிடம் கேட்டேன்.

அவர் கடை வாசலில் நின்ற தன் பழைய ஈஎக்ஸ்5-ஐக் காட்டினார். கறுப்புப் பெட்டி, காகிதப் பில்டர், தொழிற்சாலை எக்ஸோஸ். ஒரு திருகு கூட மாறவில்லை.

"அது வேலைக்குப் போற மோட்டார்," என்றார்.

இந்த வாக்கியத்துக்குப் பிறகு யாராக இருந்தாலும் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அக்கா மகன் ஏற்கெனவே என் வண்டியின் கவரைக் கழற்றியிருந்தான். தாய்மாமன் என்ற பதவியில் இருப்பவன் மருமகன் ஆசைக்குக் குறுக்கே நிற்பதில்லை. காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டு அழவைத்தவன் நான். கணக்கு நேராகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்தோம். வண்டியைக் கிளப்பினேன்.

சத்தம்! அதுவரை தாழ்மையாக 'டொக்டொக்' என்று பேசிக்கொண்டிருந்த வண்டி, திராட்டலை முறுக்கியதும் அடித்தொண்டையிலிருந்து 'ம்ம்பாஆ' என்று கர்ஜித்தது. எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. பழைய பிளாஸ்டிக் பெட்டி வெறும் பெட்டியல்ல. எஞ்சின் காற்றை விழுங்கும்போது எழுகிற ஓசையை அடக்குவதும் அதன் வேலைதான். ரோட்பிளாக்கில் நிற்கிற போலீஸ்காரர் குனிந்து எக்ஸோஸைப் பார்ப்பார். வாகனச் சத்தத்துக்கென்று 1987-லேயே விதிமுறை போட்டிருக்கிறார்கள். வண்டியின் முன்பக்கமும் வாய் திறந்து கத்தும் என்பது பல பேருக்குத் தோன்றுவதில்லை.

அன்று மாலை தாமானைச் சுற்றி வந்தபோது நான் பறப்பதாகவே எனக்குப் பட்டது. வீட்டு வாசலில் நின்ற மனைவி வேறு கோணத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

"என்னங்க, சத்தம் வந்து ரொம்ப நேரம் ஆச்சு. நீங்க இப்பதான் வர்றீங்க."

அவள் இயற்பியல் படித்தவளல்ல. ஆனால் அதில் முழு இயற்பியலும் இருந்தது. பில்டர் எஞ்சினைத் தடுக்கிறது என்றால் அது திராட்டலை முழுக்கத் திறந்து, எஞ்சின் உச்ச வேகத்தில் அலறும்போதுதான். அப்போதும், சுத்தமான காகிதப் பில்டராக இருந்தால், தடுப்பது மிகக் கொஞ்சம். மற்ற நேரங்களில், அதாவது காஜாங் நகரத்தில் நாம் வண்டி ஓட்டும் எல்லா நேரங்களிலும், காற்றைத் தடுத்து வைத்திருப்பது நம் வலது கைதான். திராட்டல் கால்வாசி திறந்திருக்கையில் கார்புரேட்டருக்குள் இருக்கும் வால்வே வழியை அடைத்து நிற்கிறது. அதற்கு முன்னால் பில்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மாலை ஆறு மணிக்கு ஸ்டேடியம் காஜாங் எம்ஆர்டி பக்கம், இரண்டு கார்களின் கண்ணாடிக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நெளிகிறவன் எந்தக் காலத்தில் முழுத் திராட்டல் திறந்திருக்கிறான்? நாலாயிரம் சுழற்சியைத் தொடுவதற்குள் சிவப்பு விளக்கு வந்துவிடுகிறது.

போதாக்குறைக்கு, திறந்த பில்டர் எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பழைய பெட்டிக்குக் காற்று வரும் வாய், சூடு படாத இடமாகப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. கூம்பு பில்டரோ கவருக்குள், எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்து, எஞ்சின் விட்ட வெக்கையையே திரும்பக் குடிக்கிறது. காற்று மூன்று டிகிரி சூடானால் அடர்த்தி நூற்றுக்கு ஒன்று குறையும். சிக்னலில் நின்றுகொண்டு பன்னிரண்டு டிகிரி கூடுதல் சூட்டில் மூச்சு வாங்கினால் நூற்றுக்கு நான்கு போச்சு. பில்டரால் கிடைத்ததாகச் சொல்லப்படும் குதிரையின் வால் நுனி, சிக்னலிலேயே கழன்று விழுந்துவிடும்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் மசியவில்லை. "ரேஸ் பைக் எல்லாம் எப்படி மாமா ஓடுது?" என்றான்.

நல்ல கேள்வி. பதில் முக்கால் மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறது. 1999-இலிருந்து செப்பாங் பந்தயத் தடத்தில் மோட்டோ ஜிபி நடக்கிறது. அங்கே ஓடும் ஒவ்வொரு வண்டியிலும் காற்றுப் பெட்டி இருக்கிறது. சின்னதல்ல, பெட்ரோல் தொட்டி என்று நாம் நினைக்கிற இடத்தின் முன்பாதியைப் பெரும்பாலும் அதுதான் அடைத்துக்கொண்டிருக்கும். மூக்கில் இருக்கும் துளை வழியாக எதிர்காற்றைப் பிடித்து அந்தப் பெட்டிக்குள் அழுத்துகிறார்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்குச் சேரும். கோடிகள் புழங்குகிற இடத்தில் அந்த நான்குக்கு மதிப்புண்டு. என் ஈஎக்ஸ்5 மணிக்கு 60-இல் போனால் அதே கணக்குப்படி ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு சேரும். உலகின் மிக வேகமான வண்டிகள் பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போக, காஜாங் இளைஞர்கள் பெட்டியைக் கழற்றிச் சாக்கில் போடுகிறார்கள்.

"அது ஜிபி. கப் பிரி பாருங்க," என்றான்.

1994-இலிருந்து நடக்கும் கப் பிரி பந்தயம் ஈஎக்ஸ்5 போன்ற நம் கப்சாய் வண்டிகளின் சொந்தக் களம்தான். 2012-இல் செப்பாங்கில் மோட்டோ3 மேடையேறிய சுல்பாமி கைருடின் போன்றவர்கள் வளர்ந்த இடம். அங்கே பில்டரை மாற்றுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் அதோடு கேம்ஷாஃப்டையும் மாற்றுகிறார்கள், ஹெட்டையும் சீவுகிறார்கள், ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஜெட்டைப் பார்க்கிறார்கள், எஞ்சினைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறார்கள். பிஸ்டன் வளையத்தைத் தூசு அரித்தால் அவர்களுக்குக் கவலை இல்லை. புது வளையம் பெட்டியில் தயாராக இருக்கும். அந்த எஞ்சின் சில நூறு கிலோமீட்டர் நன்றாக வாழ்ந்தால் போதும். என்னுடையது என் ஓய்வூதியக் காலம் வரை வாழ வேண்டும்.

இதற்குள் பில்டருக்கு வீட்டில் ஒரு சடங்கு உருவாகிவிட்டது. பருத்திப் பில்டரைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சிவப்பு எண்ணெய் தடவ வேண்டும். அக்கா வீட்டுச் சமையலறைத் தொட்டியில் அது நடந்தது. சனிக்கிழமை பார்த்து நடந்ததால் அக்கா கேட்டாள்: "பெத்த தாய் எண்ணெய் தேய்ச்சுக் குளின்னு இருபது வருசமா கத்துறேன், தலையைக் காட்ட மாட்டேங்குற. இதுக்கு மட்டும் சனி நீராட்டா?"

மழை வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை வரும்வரை என்றால் பிற்பகல் நான்கு மணிவரை என்று பொருள்.

சில்க் நெடுஞ்சாலையில் பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழை தூறலாக ஆரம்பித்து யோசிக்க நேரம் கொடுப்பதில்லை. முன்சக்கரம் வாரியடித்த தண்ணீரைப் பில்டர் ஆசையாகக் குடித்தது. நனைந்த பருத்தி வழியாகக் காற்றுப் போகாது. காற்று பத்தவில்லை என்பதற்காக வைத்த பொருளால் வண்டிக்கு முதன்முறையாக நிஜமாகவே மூச்சு முட்டி, இருமி, ஒரு மேம்பாலத்தின் அடியில் வந்து நின்றது.

அங்கே ஏற்கெனவே ஒரு மாநாடு கூடியிருந்தது. மழைக்கு ஒதுங்கியவர்கள் ஒரு பக்கம். வண்டி ஒதுக்கியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாம் அணியில் எல்லாருமே இளைஞர்கள், நான் ஒருவன்தான் நரை. ஒரு மலாய்ப் பையன் தன் பில்டரைத் துணி பிழிவதைப் போலப் பிழிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற சீனப் பையன் என் வண்டியைப் பார்த்துவிட்டு மரியாதையோடு, "அங்கிள், ஓப்பன் பாட்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் தன் இருக்கையை நகர்த்தி எனக்கு உட்கார இடம் கொடுத்தான். முப்பது ஆண்டு வேலையில் எனக்குக் கிடைக்காத அங்கீகாரம் அது. நாங்கள் காலுறையைப் பில்டருக்கு மாட்டலாமா, எந்த நிறுவனத்துப் பாட் தண்ணீர் தாங்கும் என்றெல்லாம் விவாதித்துக்கொண்டிருக்கையில், எங்களைக் கடந்து சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் மழையங்கியோடு சர்சர்ரென்று போய்க்கொண்டே இருந்தார்கள். எல்லாம் தொழிற்சாலைப் பெட்டி வைத்த வண்டிகள். வேலைக்குப் போகிற மோட்டார்கள்.

அக்காவின் ஹேர் டிரையர் பில்டரைக் காயவைத்தது. மருமகன் அத்தோடு விடவில்லை. விஞ்ஞானி தோல்வியைக் கண்டு துவள்வதில்லை. மறுவாரம் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தான். பில்டரின் மேல் கவிழ்த்து, கம்பியால் கட்டி, தண்ணீர் படாத பக்கமாகப் பார்த்துக் காற்று வர ஒரு வாய் வெட்டினான். வெட்டிய ஓரத்தில் ரப்பர் ஒட்டினான். தள்ளி நின்று அழகு பார்த்தான்.

"மாமா, இப்ப தண்ணி உள்ள போகாது. சூட்டுக் காத்தும் வராது. வெளியே இருந்து குளிர்ந்த காத்து மட்டும் இழுக்கும்."

நான் டப்பாவைச் சுற்றி வந்து பார்த்தேன். பெட்டி. உள்ளே பில்டர். சூடும் நீரும் படாத திசையில் ஒரு வாய். வெண்ணிலா என்று மேலே எழுதியிருந்தது. அது ஒன்றுதான் புதுமை.

வண்டியைக் கிளப்பினான். சத்தம் 'டொக்டொக்' என்று பழைய தாழ்மைக்குத் திரும்பியிருந்தது. அவன் முகம் விழுந்துவிட்டது. கர்ஜனை எங்கே? டப்பாவில் ஓட்டை போட்டால் சத்தம் வரும், ஆனால் மழையும் வரும். ஓட்டையை எங்கே போடுவது என்று ஆணியும் கையுமாக வெகுநேரம் யோசித்தான். அவன் அம்மா உள்ளே இருந்து, "அந்த டப்பாவுல நான் நெத்திலி வச்சிருந்தேன், எங்கடா?" என்று கத்தினாள்.

இது நல்ல தருணம் என்று பட்டது.

"ஐயா, பழைய பெட்டியையே மாட்டிரலாம். எங்கே வச்சிருக்க?"

அவன் ஆணியை உற்றுப் பார்த்தான்.

"வித்துட்டேன் மாமா."

"அதை யார் வாங்குவா?"

"டிமாண்டு மாமா! ஓப்பன் பாட் போட்டவன் எல்லாம் இப்ப ஸ்டாக் பாக்ஸ் தேடுறான். ஒரிஜினல் கிடைக்கிறதே இல்லை. செமினிக்காரன் ஒருத்தன் வந்து பேரம் பேசாம எடுத்துக்கிட்டான். பாட் வாங்கின காசைவிட டபுள்."

எனக்குக் கோபம் வரவில்லை. குடும்பத்தில் முதன்முறையாக ஒருவனுக்கு வியாபாரம் வந்திருக்கிறது.

"சரி, காசு எங்கே?"

"அந்தக் காசுக்குத்தான் மாமா உங்களுக்கு எக்ஸோஸ் சொல்லி வச்சிருக்கேன். முன்னால காத்து நிறைய போகுதுல்ல, பின்னால வெளிய வரணும்ல?"